மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மாமியார்கள்

கோபம் வந்தால் சில மருமகள்கள் பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள். சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். கிடங்கு அக்கா இரண்டும் செய்யாத ரகம். கல்யாணமான மூன்றாம் மாதம் ஒருநாள், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்தவள், அங்கே நின்ற ஃப்ரீசர் என்னும் உறைபெட்டி ஒன்றின் கதவில் ஓர் அட்டையை ஒட்டி, கொட்டை எழுத்தில் 'மாமியார்' என்று எழுதினாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த அட்டை பதினொரு வருஷம் கழித்துத் தன் தலையில் வந்து விடியப்போகிறது என்று அவள் கனவா கண்டாள்?

அக்காவுக்கு வேலை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றை ஒட்டிய ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரிக் கிடங்கில். அங்கே வருகிறவர்கள் கொடுக்கும் ரத்தத்தையும் எச்சிலையும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் டியூப்களில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரியில் உறையவைத்துக் காப்பாற்ற வேண்டும். பத்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் வந்து, "இன்ன எண்ணுக்காரரோட ரத்தம் ஒரு சொட்டு வேணும்" என்பார். எடுத்துக் கொடுக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்து பார்த்தால் தெரியும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பனி உறைந்த கதவைத் திறந்து, தட்டுத் தட்டாக இழுத்து, நூறு டியூபில் ஒன்றைத் தேடுவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். பேனா மை அந்தக் குளிருக்கு எழுதாது என்பதால் காதில் எப்போதும் ஒரு பென்சில்.

கிடங்கில் ஆறு பெட்டிகள். அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் பதினான்கு இலக்கத்தில் ஒரு சொத்து எண் கொடுத்திருந்தது. பதினான்கு இலக்கத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? காரணமே இல்லாமல் வீல் வீல் என்று அலாரம் அடித்த பெட்டிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்த பிறகு, மற்றவையும் தாமாகவே குடும்பத்தில் சேர்ந்துகொண்டன. புத்தம் புதிதாய் வந்து, மாசம் தவறாமல் மெக்கானிக்கை வரவழைத்து உபசாரம் செய்துகொண்டது 'மாப்பிள்ளை'. அதே கம்பெனியிலிருந்து அதே நாளில் வந்தது 'சகலை'. அவசரத்துக்கென்று நிறுத்தியிருந்தது, எப்போதாவது ஓடும், ஓடினால் ஏதாவது வம்பு, அது 'நாத்தனார்'. இப்படியே 'பெரியப்பா', 'ஓரகத்தி'. பதிவேட்டில் 'இடம்' என்ற கட்டத்தில் அக்கா பென்சிலால் 'மாமியார், மூன்றாம் தட்டு' என்று எழுதுவாள். கிடங்கில் எல்லாருக்கும் புரியும். வெளியாளுக்குப் புரியவேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

விஷயம் வீட்டில் அவள் கணவனுக்கு மட்டும் தெரியும். காகித ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் சாது மனிதர். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று நின்றே பொறுமைசாலி ஆனவர். கேட்டதும் சிரிசிரியென்று சிரித்துவிட்டு, "எங்கம்மா காதுல விழுந்துச்சு, உன்னையும் என்னையும் சேர்த்து அந்தப் பொட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டிடுவாங்க" என்றார். பதினொரு வருஷமாக மூச்சு விடவில்லை.

அந்த அம்மாவை இனி அத்தை என்றே சொல்கிறேன். மாமியார் என்றால் ஆளா பெட்டியா என்று நீங்களும் குழம்புவீர்கள். அத்தைக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம், ஆனால் வாய்தான் முதலில் வந்து நிற்கும். குழாயில் தண்ணீர் சொட்டினால் கத்துவார். சொட்டாவிட்டாலும் ஏன் சொட்டவில்லை என்று கத்துவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பங்களில் சர்க்கரை வியாதி எப்படி வருகிறது என்று ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் ஆட்களிடம் ரத்தம் சேகரிக்கும் ஆராய்ச்சி தொடங்கியபோது, தெருவில் ஒருத்தரும் முன்வரவில்லை. புது மருமகள் வீடு வீடாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துவிட்டு, அத்தைதான் மறுநாள் நிலையத்துக்கே வந்து கையை நீட்டினார். "எடு. ஊசிக்குப் பயந்த வம்சம் இல்ல நாங்க" என்றார். மாதிரி கொடுத்தவர் எண் ஒன்று, அத்தை. பிறகு தெரு முழுக்க, "என் மருமக என் ரத்தத்தை உறிஞ்சிட்டா" என்று சொல்லிச் சிரித்தார், அது வேறு. அந்த டியூபை அக்கா மாமியார் பெட்டியின் முதல் குழியில் வைத்தாள். மாமியாரை மாமியாரிடமே ஒப்படைத்ததில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

இப்போது கிடங்குக்கு மிஷின் வந்திருந்தது. ஒரு அறை அகலத்துக்கு, கண்ணாடிச் சுவரோடு, உள்ளே மைனஸ் எண்பதில் ஓர் இரும்புக் கை. எண்ணைத் தட்டினால், கை போய், லட்சம் டியூபில் சரியான ஒன்றைக் கிள்ளியெடுத்து, ஒரு நிமிஷத்தில் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். அக்காவுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் வரும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். வயிற்றெரிச்சலா? அவள் முதல் நாளே இரும்புக் கையைப் பார்த்து, "நல்லா இருப்பே ராசா" என்று சொல்லிவிட்டாள். மரத்துப்போன விரலோடு பதினொரு வருஷம் தேடினவளுக்குத்தான் அந்தக் கையின் அருமை தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மிஷினுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளருக்கு ஆறு வாரப் பயிற்சி. பயிற்சி மிஷின் கம்பெனியின் ஊரில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரம். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். பெயரை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும். அக்கா போகாவிட்டால் அடுத்த பெயர் தயார். அப்புறம் அக்காவுக்கு வாசல் கவுண்டரில் உட்கார்ந்து, சீட்டு வாங்கி, முத்திரை குத்தும் வேலைதான்.

வீட்டில் ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. அப்பாவுக்கு ஷிஃப்ட். அத்தை 'சரி' என்று சொன்னால்தான் அக்கா ரயில் ஏற முடியும். ஒரு மாசமாக அக்கா கேட்டுப் பார்த்தாள். அத்தை "பாக்கலாம்" என்றார். அத்தையின் 'பாக்கலாம்'க்கு எந்த அகராதியிலும் அர்த்தம் கிடையாது.

"ஆறு வாரம் உக்காந்து படிக்கிற அளவுக்கு அப்படி என்ன மிஷின் அது?" என்றார் கடைசியில். "திறப்பு விழாவுக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்கல்ல? வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

கூப்பிட்டிருந்தார்கள்தான். முதல் மாதிரி கொடுத்தவர் என்பதால், விழாவில் அவருடைய டியூபையே மிஷின் எடுத்துக் காட்டட்டும் என்பது பெரிய டாக்டரின் யோசனை. நிலையத்துக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். நல்ல யோசனைதான். அக்காவும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நாற்பது பேர் கூடியிருந்தார்கள். தேநீர், பிஸ்கட், ஒரு ரிப்பன். ரிப்பனைப் பெரிய டாக்டர் வெட்டினார். மிஷின் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினீயர், கழுத்துப் பட்டையும் வியர்வையுமாக முன்னால் வந்தார்.

"இந்த மிஷினுக்கு வாயும் உண்டுங்க. கையுறையோட வேலை பாக்கிறவங்க திரையத் தொடவேண்டாம். பதிவுல இருக்கிறத அதுவே படிச்சுச் சொல்லும். அம்மா, உங்க எண் என்ன?"

"ஒண்ணு" என்றார் அத்தை, தேர்தலில் ஜெயித்த மாதிரி.

இன்ஜினீயர் எண்ணைத் தட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இரும்புக் கை சரசரவென்று போய், வளைந்து, நின்று, ஒரு டியூபைக் கவ்விக்கொண்டு திரும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை எட்டிப் பார்த்தார். "என் ரத்தமா? அட, அப்படியே இருக்கே!" என்றார். அக்காவுக்குப் பாதி வேலை முடிந்தாற்போல் ஒரு தெம்பு வந்தது. அப்போது மிஷின் வாயைத் திறந்தது.

"கொடுத்தவர் எண் ஒன்று. உறவு: மாமியார். இந்தக் கிடங்கில் உள்ள மொத்த மாமியார்கள்: மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு."

கூட்டத்தில் கொல்லென்று ஒரு சிரிப்பு. "ஒண்ணையே தாங்க முடியல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்பது மாமியார் பெட்டியிலிருந்து அவள் கையாலேயே எண்ணி எடுத்த டியூப்களின் கணக்கு. அதில் சந்தேகமே இல்லை.

"மாமியாரைப் பற்றிய குறிப்புகள்: இருநூற்றுப் பதினாறு" என்றது மிஷின். "படிக்கிறேன்."

"வேணாம், வேணாம்!" என்று அக்கா கத்தினாள். மிஷினுக்கு அது கேட்கவில்லை. கேட்டாலும் அது யார் பேச்சைக் கேட்கப்போகிறது?

"முதல் வருஷம். மாமியார் இன்று காரணமே இல்லாமல் மூன்று தடவை கத்தல்."

பெட்டிகளுக்கென்று அக்கா தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். அலாரம் அடித்தால், பழுதானால், துடைத்தால் அதில் இரண்டு வரி எழுதுவாள். பதிவேடுகளோடு அதையும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் குறிப்பேடுதான் இப்போது கணீரென்ற குரலில், நிறுத்தி நிதானமாக, நாற்பது பேருக்கு முன்னால் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"மாமியாரிடம் வேலை இருந்தால் சட்டென்று முடித்துக்கொண்டு நகரவும். இல்லாவிட்டால் ஊரைக் கூட்டும். மாமியார் பழசு. வேறு இடத்தில் வேண்டாம் என்று கழித்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாமியாரின் பின்பக்கம் ஒரே தூசி. தட்டித் துடைத்தேன். அதற்கும் கத்தல்."

சிரிப்பு இப்போது அலையலையாக வந்தது. ஒருத்தர் தேநீர் புரையேறி இருமினார். அத்தை மட்டும் அசையவில்லை. கைப்பையின் வார் அவர் விரல்களுக்கிடையில் முறுக்கிக்கொண்டே போனது. கிடங்கு அக்கா யாருடைய மருமகள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தாள். பூமி அவளுக்கு என்றைக்கு உதவியிருக்கிறது?

"நிறுத்துங்களேன் சார்!" என்றாள் இன்ஜினீயரிடம்.

அவர் திரையைத் தட்டு தட்டென்று தட்டினார். "நிறுத்தணும்னா பாஸ்வேர்டு கேக்குதுங்க. அது பயிற்சி முடிச்ச பொறுப்பாளருக்குத்தான் தருவாங்க."

"அதுக்குத்தான் நான் போகணும்னு ஒரு மாசமா அழுதுட்டிருக்கேன்!" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

மிஷின் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. முதல் வருஷம் முடிந்தது. இரண்டாம் வருஷமும் ஏறக்குறைய அதே கதை. சொன்னதையே சொன்னதால் கூட்டத்தின் சிரிப்பு மெல்ல அடங்க ஆரம்பித்தது.

"மூன்றாம் வருஷம். மாமியார் கத்தல். போய்ப் பார்த்தேன். கதவு ரப்பரில் ஒரு கிழிசல். நான்தான் கவனிக்கவில்லை. மாமியார் கத்தினால் காரணம் இருக்கிறது. மாமியார் கத்தல். மின்கம்பியில் எலி கடித்திருக்கிறது. நல்லவேளை. மாமியார் வாயை அடைத்துவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்."

அத்தையின் விரல்களில் வார் நின்றது.

"ஐந்தாம் வருஷம். ஞாயிறு மதியம் மின்சாரம் போய்விட்டது. மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மாமியார் ஒருத்திதான் கத்தினாள். காவல்காரர் ஓடிவந்தார், என்னைக் கூப்பிட்டார். எல்லா மாதிரிகளும் பிழைத்தன. மாமியார் இல்லாவிட்டால் இன்றைக்கு என் கதை முடிந்திருக்கும். ஏழாம் வருஷம். கழித்துக்கட்டும் பட்டியலில் மாமியார் பெயர் வந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வருஷம். குழந்தைகளின் மாதிரிகள் எல்லாம் மாமியாரிடம் மாற்றினேன். மற்றவர்களை நம்பி விட முடியாது."

தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார். குறிப்புகள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குறிப்பு இருநூற்றுப் பதினாறு. சென்ற வாரம். மாமியாரிடமிருந்து கடைசித் தட்டை எடுத்துவிட்டேன். காலியாக நிற்கிறது. இன்று எதற்கும் கத்தவில்லை. எனக்கு என்னவோ போல் இருக்கிறது." கொஞ்சம் நிறுத்தி, "குறிப்புகள் முடிந்தன" என்றது மிஷின்.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "யாரும்மா இது? எந்த மாமியார்?"

அக்கா எழுந்தாள். "மாமியார்னா... பொட்டிங்க சார். மூணாம் நம்பர் ஃப்ரீசர். நான்தான் அப்படிப் பேர் வச்சேன்."

இந்த இடத்தில் பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றிய அம்மாள் எழுந்துவிட்டார். எல்லாரும் அவரைக் கண்ணாடி மேடம் என்பார்கள். ஒரு கமாவைக்கூடத் தப்பாக விடாத பெண்மணி. பயிற்சிக்கு அடுத்த பெயராகத் தயாராக இருந்ததும் அவருடையதுதான்.

"பொட்டியா? மாமியார் எப்படிங்க பொட்டியாகும்? 'இடம்'னு இருக்கிற கட்டத்துல மாமியார்னு எழுதியிருந்துச்சு. மாமியார் ஒரு இடமா? ஆள்தானே! பாவம், கட்டம் மாத்தி எழுதிட்டாங்கன்னு 'உறவு' கட்டத்துக்கு நான் ஒவ்வொண்ணா மாத்தினேன். நாலு மாசம், நிமிந்து பாக்காம மாத்தினேன்!"

"மூவாயிரம் மாமியார் வந்துச்சே, சந்தேகம் வரலையா உங்களுக்கு?" என்றார் பெரிய டாக்டர்.

"ஏன் வரணும்? இன்னொரு பக்கம் ரெண்டாயிரத்து எண்ணூறு மாப்பிள்ளை இருந்தாங்களே சார். அத்தனை மாப்பிள்ளைக்கு அத்தனை மாமியார் வேணாமா?"

பெரிய டாக்டர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரி தெரியவில்லை. கூட்டம் மறுபடி வெடித்தது. டியூப்கள் எல்லாம் பத்திரமாக மிஷினுக்குள் இருந்தன, எது எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குத் தெரியும், உறவுக் கட்டத்தை மட்டும் பழைய படிவங்களைப் பார்த்துத் திருத்தினால் போதும் என்று இன்ஜினீயர் சொன்னார். ஒரு ஆபத்தும் இல்லை என்றார். அவருக்கென்ன? வீட்டுக்குப் போகவேண்டியது அவரா?

அத்தை எழுந்தார்.

"எங்க அந்தப் பொட்டி?"

"அத்தை, அது வந்து... அப்ப எனக்குப் புத்தி இல்ல..."

"எங்கேன்னு கேட்டேன்."

அக்கா பழைய கிடங்கு அறைக்கு அழைத்துப் போனாள். ஆறு பெட்டிகளும் சுவரோரம் நின்றன. மறுநாள் லாரி வந்து எடுத்துப்போக இருந்ததால் உள்ளே காலி, ஆனால் மின்சாரம் இன்னும் ஓடியது. மூன்றாவதின் கதவில் அட்டை, ஓரம் மடங்கி, மஞ்சளாகி. எழுத்து மட்டும் அழியவில்லை. அத்தை கிட்டே போய் ஓர் எழுத்து விடாமல் பார்த்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் விரலை ஓட்டி, தூசி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு கைப்பிடியை இழுத்துக் கதவை அகலத் திறந்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் புகை காலடியில் இறங்கியது. ஒரு நிமிஷம் ஆனதோ இல்லையோ, பெட்டி வீலென்று அலறியது.

அத்தை தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதவிட நான் நல்லாக் கத்துவேனே!"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்து ஏதோ வந்தது. அத்தை அதற்குள் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மணி மூன்று. பெரிய டாக்டர் பின்னாலேயே வந்து, "அஞ்சுக்குள்ள ஒரு போன் போட்டுச் சொல்லிடும்மா. இல்லேன்னா அடுத்த பேரை அனுப்பிடுவேன்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை, பக்கத்தில் அக்கா. ஐந்து நிறுத்தம் போயிற்று. அத்தை கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்களே, இன்றைக்குத் தான் உடைத்தது எந்தச் சட்டி, என்ன விலை என்று அக்கா மனசுக்குள் புழுங்கினாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் கண்டக்டர் வந்து நின்றார்.

"இந்தா" என்று அத்தை கைப்பையிலிருந்து போனை எடுத்து அவள் மடியில் போட்டார். "படிக்கிற கண்ணாடிய வீட்லயே வச்சுட்டேன். உன் புருஷனைக் கூப்பிட்டு, திங்கக்கிழமை லீவு போடச் சொல்லு."

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? பொட்டி படுக்கையெல்லாம் தூக்கிட்டு நீ ஒண்டியாவா ரயிலேறுவே? ஸ்டேஷனுக்கு அவன் வரவேணாமா? பாப்பாவ நான் பாத்துக்கறேன். ஒரு மிஷின் வாயை மூடத் தெரியாம நாப்பது பேர் முழிச்சுட்டு நிக்கிறீங்க. யாராவது போய்ப் படிச்சுட்டு வந்தாத்தானே ஆகும்!"

அக்கா குனிந்து போனைத் திறந்தாள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியல் முதலில் வந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். 'ஐஸ்கட்டி.' காலையில் ஐஸ்கட்டி. நேற்று மூன்று தடவை ஐஸ்கட்டி. முந்தாநாள் ஐஸ்கட்டி. மகன், மகள் எல்லாம் நடுவில் அத்தி பூத்தாற்போல் ஒன்றிரண்டு. யாரடா இந்த ஐஸ்கட்டி என்று எண்ணைப் பார்த்தாள். அவளுடைய எண்.

"அத்தை" என்றாள் மெதுவாக. "ஐஸ்கட்டின்னா யாரு?"

அத்தை ஜன்னல் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டார். "அது... ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன்."

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரனுக்கு ஒரு நாளைக்கு மூணு தடவையா போன் போடறீங்க?"

அத்தையின் முதுகு குலுங்கியது. திரும்பியபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் சிரித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னடி பண்றது?" என்றார் அத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வந்த புதுசுல ஒரு வார்த்த பேசமாட்டே. சண்ட போட்டாக்கூடப் பதில் பேசமாட்டே. வேலைலேருந்து வந்து கையத் தொட்டா ஜில்லுன்னு இருக்கும். மனசும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். நீ பொட்டிக்குள்ள கொட்டி வச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நானும்தான் அத்தை. நானும் தப்பா நெனச்சுட்டேன்." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பேர மாத்தி வைக்கட்டுமா? மருமகள்னு போட்டுடறேன்."

"ஏய், தொடாதே!" அத்தை போனின் மேல் கையை வைத்து மறைத்தார். "ஆறு வாரம் கண்காணாத ஊர்ல இருக்கப்போறே. ராத்திரியோ பகலோ, மனசு கேக்காம உன்னத் தேடறப்ப, வேற பேர்ல இருந்தா நான் உன்ன எங்கேன்னு போய்த் தேடுவேன்?"

அக்கா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். "ஸ்ஸ், ஜில்லுன்னு இருக்கு" என்றார் அத்தை. ஆனால் கையை எடுக்கவில்லை.

நாலரைக்குப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. பிறகு அத்தையின் போனிலிருந்தே கணவனைக் கூப்பிட்டாள். ஆலையின் இரைச்சலுக்கு நடுவில், "என்னம்மா?" என்றார் அவர்.

"அம்மா இல்லீங்க. ஐஸ்கட்டி பேசறேன். திங்கக்கிழமை லீவு போடுங்க."

"அய்யய்யோ" என்றார் கணவர். "பாத்துட்டியா?"